பெயரில்லாத பொத்தான்

ஒரு கருவி வாங்குவதற்குக் குழு போட்டிருக்கிறார்கள் என்று யாராவது சொன்னால், அந்தக் குழுவில் அந்தக் கருவியைக் கையால் தொடப்போகிறவர் யார் என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் ஒருவரும் இருக்க மாட்டார். தொடப்போகிறவர் வெளியே நிற்பார். கருவி வந்து மக்கர் பண்ணிய பிறகு, திட்டு வாங்குவதற்கு மட்டும் அவரை உள்ளே கூப்பிடுவார்கள்.

நான் தென்காசிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் கணினிகளையும் சர்வர்களையும் கட்டி மேய்த்து ஓய்வு பெற்றவள். இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் என்னிடம் அனுபவம் கேட்கிறீர்கள். எந்தக் கேபிளை எதில் செருகுவது என்று நான் சொல்ல வேண்டியதில்லை, அதற்கெல்லாம் வீடியோ கொட்டிக் கிடக்கிறது. படித்தவர்கள் ஒன்றாகக் கூடி உட்கார்ந்து எப்படிக் கோட்டித்தனம், அதாவது கிறுக்குத்தனம், பண்ணுவார்கள் என்பதற்குத்தான் வீடியோ கிடையாது. அதைச் சொல்கிறேன்.

எங்கள் கல்லூரியில் ஒருமுறை விரல் வைத்து வருகையைப் பதியும் இயந்திரம் வாங்கினார்கள். மழைச்சாரல் பட்டால் கெட்டுப்போகும் என்று அதை அலுவலக அறைக்கு உள்ளே மாட்டினார்கள். சாவி வைத்திருப்பவர் தாமதமாக வந்தால் கல்லூரி மொத்தமும் தாமதம். வாசலில் பேராசிரியர்கள் எல்லாம் விரலை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். எனக்கு மேலே அப்போது ஒருவர் இருந்தார். கணினியை ஒழுங்காக அணைக்கக்கூடத் தெரியாத மனிதர். ஆனால் எதை வாங்கினாலும் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: “சரிம்மா, இத முதல்ல தொடப்போறது யாரு?” அந்த இயந்திரத்தை மாட்டிய வாரம் அவர் விடுப்பில் போயிருந்தார். அதனால்தான் அது உள்ளே போனது.

இப்போது நான் சொல்ல வந்த கதைக்கு வருகிறேன்.

ஓய்வு பெற்றதும் எனக்குச் சும்மா இருக்கப் பொறுக்கவில்லை. கண் தெரியாதவர்களுக்குக் கணினித் திரையில் இருப்பதைத் தமிழில் வாசித்துச் சொல்லும் மென்பொருள் ஒன்றைச் செய்கிற குழுவில் சேர்ந்தேன். திறந்த மூலக் குழு. அதாவது, நிரல் எல்லாருக்கும் பொது. யாரும் எடுக்கலாம், யாரும் திருத்தலாம், யாருக்கும் சம்பளம் கிடையாது. சம்பளம் இல்லாத இடத்தில் கொள்கைக்கு மட்டும் பஞ்சமே இருக்காது.

குழுவை நடத்தியவர் குத்தாலிங்கம். தென்காசியில் வீட்டில் இருந்தபடியே வெளிநாட்டுக் கம்பெனிக்கு வேலை பார்ப்பவர். நல்ல மூளை, கெட்ட பிடிவாதம். பெரிய கம்பெனிகளின் செயலி எதன் பெயராவது காதில் விழுந்தால், தீட்டுப்பட்ட மாதிரி முகத்தைச் சுளிப்பார். அவருக்கு நேர் எதிர் இசக்கிமுத்து. புளியங்குடியில் எலுமிச்சை மண்டி நடத்தும் வீட்டுப் பையன், நிரல் எழுதுவதில் கெட்டிக்காரன். “ஊரெல்லாம் எத வச்சிருக்கோ அத நாமளும் வச்சிக்கிடுவோம்க்கா” என்பதைத் தாண்டி அவனுக்குக் கொள்கை என்று ஒன்று இருந்ததில்லை.

மூன்றாவது, பேச்சியம்மாள். சுரண்டைக்காரி. பள்ளிக்கூடத்தில் ஆங்கில டீச்சர். பிறவியிலேயே கண் தெரியாது. எங்கள் மென்பொருள் ‘கி.மீ.’ என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பூனைக்குட்டி மாதிரி “கீ, மீ” என்று கத்திக்கொண்டிருந்த காலத்தில் உள்ளே வந்தவள். “இத வச்சிக்கிட்டு ஒரு பஸ் போர்டக்கூட வாசிக்க முடியாது, என்ன எழவ செஞ்சு வச்சிருக்கிய?” என்றுதான் முதல் அறிமுகமே. அன்றிலிருந்து எந்தப் புதிய பதிப்பானாலும் அவள் முழுக்கக் கேட்டுவிட்டு “போகட்டும்” என்று சொன்ன பிறகுதான் வெளியே விடுவோம். வாய் என்றால் வாய், அப்படி ஒரு வாய். பேச்சியம்மன் சாமியே பார்த்து வைத்த பேர் என்பான் இசக்கி.

மாதம் ஒருமுறை எல்லாரும் கணினியில் முகம் பார்த்துக் கூடிப் பேசுவோம். அதற்கு ஒரு பெரிய கம்பெனியின் இலவசத் தளத்தைத்தான் வைத்திருந்தோம். இலவசம் என்பதால் பேசிக்கொண்டிருக்கும்போதே கம்பெனிக்காரன் வெட்டிவிடுவான். முக்கியமான முடிவு வரும் இடத்தில்தான் சரியாக அறுந்துபோகும். திறந்த மூலத் தளம் ஒன்றை எடுத்து, சொந்த சர்வரில் நாமே நிறுவுவோம் என்றார் குத்தாலிங்கம். அதில் ஒரு தப்பும் இல்லை, எனக்கும் அதுதான் பிடித்திருந்தது. நம் வீட்டுச் சாவி நம் இடுப்பில் இருப்பதில் யாருக்கு வருத்தம்?

ஆனால் குத்தாலிங்கம் எதையும் சும்மா செய்ய மாட்டாரே. பெரிய அட்டவணை ஒன்று போட்டார். உரிமம், தனியுரிமை, நிரலின் தரம், வேகம் என்று கட்டம் கட்டமாக நிரப்பி, எல்லாவற்றிலும் நம்முடைய தளத்துக்கே பச்சை நிறம் தீட்டினார். ‘பேச்சியம்மாளால் இதில் பேச முடியுமா’ என்ற கட்டம் மட்டும் அதில் இல்லை. கண் தெரியாதவர்களுக்கு மென்பொருள் செய்கிற கூட்டம், ஐயா! வெளியே யாரிடமாவது சொன்னால் காறித் துப்புவார்கள்.

அடுத்த வேடிக்கை இன்னும் பெரிது. எந்தத் தளம் வேண்டும் என்று முடிவு செய்யும் கூட்டத்தை அந்தப் புதிய தளத்திலேயே வைத்தார். உள்ளே வர முடிந்தவர்களை மட்டும் கூப்பிட்டு, “உள்ளே வர முடிகிறதா?” என்று கேட்கிற மாதிரி. குழுவில் ஏற்கெனவே ஒரு வழக்கம் இருந்தது. ஒரு தீர்மானத்துக்கு எதிர்ப்பு இருந்தால் கூட்டத்திலேயே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மௌனம் சம்மதம். திறந்த மூலக் குழுக்கள் பலவற்றிலும் உள்ள வழக்கம்தான் இது, வேலை சுணங்காமல் நடக்க வேண்டும் என்பதற்காக. பெண் பார்க்கிற வீட்டில் தலைகுனிந்து நிற்கிற பிள்ளையைக் காட்டி நம் ஊர்ப் பெரியவர்கள் கண்டுபிடித்த தந்திரமும் இதேதான். அவளிடம் கேட்டதாகவும் ஆகும், கேட்காததாகவும் ஆகும்.

ஞாயிற்றுக்கிழமை காலை எல்லாரும் கூடினோம். தளத்துக்குள் நுழைகிறவர்களின் மைக் தானாகவே அடைத்திருக்கும், பேச வேண்டுமென்றால் பொத்தானை அமுக்கித் திறக்க வேண்டும். படம் பளிச்சென்று இருந்தது, சத்தம் தெளிவாக வந்தது. குத்தாலிங்கம் பூரித்துப் போனார். ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வந்தார். இசக்கி முனகினான், பிறகு சரி என்றான். நான் சரி என்றேன்.

“டீச்சர், நீங்க என்ன சொல்லுதிய?”

சத்தமில்லை.

“டீச்சர்?”

திரையில் பேச்சியம்மாளின் பெயர் இருந்தது. மைக் படத்தின் மேல் கோடு கிழித்திருந்தது.

“டீச்சர் ஒண்ணும் சொல்லல. சரி, மௌனம் சம்மதம். ஏகமனதா நெறவேறிட்டு” என்றார் குத்தாலிங்கம். திரை முழுக்கக் கைதட்டல் பொம்மைகள் பறந்தன.

“பொறுங்க குத்தாலிங்கம். பேச்சியாவது, பேசாம இருக்கதாவது? என்னன்னு பாருங்க” என்றேன். ஆடி மாதம் ஐந்தருவியில் தண்ணீர் இல்லை என்றால்கூட நம்பலாம், இதை எப்படி நம்புவது?

“லைன்லதான் இருக்காவ அக்கா, பேரு தெரியுதுல்லா” என்று சொல்லிக் கூட்டத்தை முடித்துவிட்டார்.

முடித்த கையோடு என் போன் அடித்தது.

“அக்கா, நான் கத்துதேன், தொண்ட கிழியக் கத்துதேன், ஒருத்தனுக்கும் கேக்கல. நீங்க பேசுதது பூரா எனக்குக் கேக்கு. நான் சம்மதிச்சேனாம்லா! எனக்குப் பதிலா அவரு சம்மதிக்காரு! நான் என்ன சொல்ல வந்தேன்னு ஒருத்தனாவது கேட்டானா?”

அவள் குத்தாலிங்கத்துக்கும் போன் போட்டிருக்கிறாள். அவர் சொன்ன பதில்: “கூட்டத்துல சொல்லிருக்கணும் டீச்சர். போன்ல சொன்னா கணக்குல வராது. மாத்தணும்னா அடுத்த கூட்டத்துல, நம்ம தளத்துலயே சொல்லுங்க.” வாய்ப்பூட்டுப் போட்டவனே வந்து, பூட்டைத் திறக்கச் சொல்லி வாயால் கேள் என்றானாம்.

“எனக்கும் இதுக்கும் முடிஞ்சு போச்சுக்கா. புதுப் பதிப்ப நான் கேக்கப் போறதில்ல. அவங்களே கேட்டுக்கிடட்டும், அவங்களுக்குத்தான் நல்லாக் கண்ணு தெரியுதே” என்று வைத்துவிட்டாள்.

அங்கேதான் நெருக்கடி வந்தது. புதிய பதிப்பு தயாராகி நின்றது. சாரல் சீசனில் குற்றாலத்தில் நடக்கும் எங்கள் வருடாந்திரக் கூட்டத்தில் வெளியிடுவதாகச் சொல்லியிருந்தோம். பழைய பதிப்பு புதிய கணினிகளில் திக்கித் திணறியதால் அதை நம்பியிருந்தவர்கள் நச்சரித்துக்கொண்டே இருந்தார்கள். வெளியிடும் சாவி, அதாவது கடவுச்சொல், என்னிடம் இருந்தது. முதலில் குத்தாலிங்கம் கேட்டார், பிறகு இசக்கி.

“இந்த ஒரு தடவ டீச்சர் கேக்காமலே விட்ருவோமாக்கா? சனங்க காத்துக் கெடக்காவல்லா.”

“ஏலே, யாருக்குலே அவசரம்? காத்துக் கெடக்கவங்களுக்கா, உனக்கா?”

நான் சாவியைக் கொடுக்கவில்லை. அவசரம் என்று வருகிற ஒவ்வொருவனிடமும் இந்தக் கேள்வியைக் கேளுங்கள், பாதி அவசரம் அங்கேயே செத்துப்போகும். அவளைத் தாண்டி ஒருமுறை வெளியிட்டுவிட்டால் அடுத்த முறை அவளுக்கு அந்த நாற்காலியே இருக்காது. அதற்குப் பிறகு எங்கள் மென்பொருள் கண் தெரிந்தவர்களுக்குப் பிடித்த மாதிரி பேசிக்கொண்டிருக்கும். கேட்க ஆளிருக்காது.

மறுநாள் சுரண்டைக்குப் பஸ் ஏறினேன். பேச்சியம்மாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். காபி மட்டும் வந்தது.

“ஏட்டி, கோவத்த அப்புறம் படு. அந்தத் தளத்துக்குள்ள போ, என்ன சொல்லுதுன்னு நானும் கேக்கேன்.”

எரிச்சலோடு மடிக்கணினியைத் திறந்தாள். எங்கள் மென்பொருள் வாசிக்க ஆரம்பித்தது. அவள் விசையைத் தட்டித் தட்டி ஒவ்வொரு பொத்தானாகத் தாண்டிக்கொண்டே போனாள். “பொத்தான்” என்றது. அடுத்தது, “பொத்தான்”. அதற்கடுத்தது, “பொத்தான்”. கடைசியாக ஒன்று வந்தது. அது மட்டும் கணீரென்று சொன்னது: “வெளியேறு.”

பேச்சியம்மாள் சிரித்தாள். கேட்க நன்றாக இல்லாத சிரிப்பு. “பாத்தியளாக்கா, எனக்குப் பேரு வச்சுத் தெறந்து விட்டிருக்க ஒரே வாசல்!”

“ஒவ்வொண்ணா அமுக்கிப் பாக்க வேண்டியதுதான?”

“பாத்தேன். மொத அமுக்குல கைதட்டல் பொம்ம பறந்துச்சாம், இசக்கி சொன்னான். நான் சந்தோசமாத் தட்டுனேன்னு நெனச்சிருக்கான், செத்த மூதி. அடுத்தத அமுக்குததுக்குள்ள கூட்டத்தையே முடிச்சிட்டாரு.”

அங்கேயே உட்கார்ந்து, தளத்தின் தமிழ்ச் சொற்கள் இருக்கும் கோப்பையும் அதைப் பற்றிப் போன மடல்களையும் திறந்து பார்த்தேன். காரணம் கிடைத்தது. இப்படி ஒரு தப்பை உலகத்தில் வேறு எந்தக் கூட்டமும் செய்திருக்க முடியாது. எங்கள் ஆட்களால் மட்டும்தான் முடியும்.

அந்தத் தளம் ஆங்கிலத்தில் இருந்தபோது எல்லாப் பொத்தானுக்கும் பெயர் இருந்திருக்கிறது. குழுவில் குத்தாலிங்கத்தோடு சேர்ந்த சிலர் அதைத் தமிழாக்கினார்கள். மைக்கை அடைக்கும், திறக்கும் பொத்தானுக்குத் தமிழில் என்ன பெயர் என்று சண்டை வந்தது. ஒருவர் ‘ஊமையாக்கு’ என்றார், அது மனதைப் புண்படுத்தும் என்றார் மற்றவர். ‘வாயடை’ என்றால் மரியாதை இல்லையாம். ‘ஒலிமுடக்கு’ என்றால் முடக்குவாதம் நினைவுக்கு வருகிறதாம். ‘மியூட்’ என்றே போட்டுவிடலாம் என்ற இசக்கியைக் குழுவை விட்டே விரட்டப் பார்த்தார்கள். மாதக்கணக்கில் மடல் மடலாக எழுதித் தீர்த்தும் முடிவு வரவில்லை. சரி, முடிவு வரும்வரை ஆங்கிலத்தை விட்டு வைத்திருக்கலாம் அல்லவா? ஆங்கிலம் தலைகாட்டக் கூடாது என்று அந்த இடத்தில் வெறும் இடைவெளியை அடித்து வைத்துவிட்டார்கள். ஒரு பொத்தானில் ஆரம்பித்த சண்டை மற்ற பொத்தான்களுக்கும் பரவியது, எல்லாவற்றிலும் இடைவெளி. ‘வெளியேறு’ என்பதில் மட்டும் ஒருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை போலிருக்கிறது.

கண் தெரிந்தவர்கள் மைக் படத்தைப் பார்த்து அமுக்கினார்கள், பெயர் இல்லாததே அவர்களுக்குத் தெரியவில்லை. கூரை ஏறிக் கோழி பிடிக்க முடியாதவர்கள் வானம் ஏறி வைகுண்டம் போகப் புறப்பட்டார்கள்.

நான் சொல்லச் சொல்லப் பேச்சியம்மாள் காது கொடுத்திருந்தாள். பிறகு கேட்டாள்: “குத்தாலத்துல நடக்க கூட்டத்துல மொதல் அமர்வு யாருதுக்கா?”

“உன்னோடதுதான். புதுப் பதிப்பப் பத்தி நீ பேசணும்னு எப்பவோ போட்டாச்சு.”

“அப்பம் வாரேன்” என்றாள். எதற்கு என்று சொல்லவில்லை.

குற்றாலத்தில் ஒரு விடுதியின் கூடத்தில் கூடினோம். சாரல் பொடிப்பொடியாகத் தூறிக்கொண்டிருந்தது. பாதிப் பேர் ஐந்தருவியில் குளித்துவிட்டு, சொட்டச் சொட்ட வந்து சேர்ந்தார்கள். அநேகமாக எல்லார் தோளிலும் துண்டு, முன்னால் மடிக்கணினி. பேச்சியம்மாள் முன்னால் உட்கார்ந்தாள், பக்கத்தில் நான். அன்றைக்கு என் வேலை ஒன்றே ஒன்று: அவள் மைக்கைத் திறந்து வைப்பது.

“எல்லாரும் நம்ம தளத்துக்குள்ள வாங்க. வந்தாச்சா? நம்ம மென்பொருளப் போட்டு, காதுல மாட்டிக்கிடுங்க. மாட்டியாச்சா? இப்பம் தோள்ல இருக்க துண்ட எடுத்துத் திரை மேல போட்டு மூடுங்க. புதுப் பதிப்ப என்னய மாதிரியே நீங்களும் ஒருக்கா கேட்டுப் பாக்கணும்லா” என்றாள்.

சிரித்துக்கொண்டே மூடினார்கள். துண்டு இல்லாத ஒருவருக்கு இசக்கி வெளியே கடையில் போய் வாங்கி வந்து கொடுத்தான். குத்தாலிங்கம் புதுத் துண்டை நாலாக மடித்து, பூஜைக்கு மூடுவது போல மூடினார்.

“இப்பம் ஒரு தீர்மானம். என்னால பேச முடியுத வரைக்கும் இந்தத் தளம் நம்ம குழுவுக்கு வேண்டாம். எதிர்ப்பு இருக்கவங்க கூட்டத்துலயே சொல்லுங்க.”

கூடம் முழுக்க விசைகள் தட்டும் சத்தம் எழுந்தது. காதுக் கருவிகளிலிருந்து கசிந்து, மழை விட்ட வயலில் தவளை கத்துகிற மாதிரி மூலைக்கு மூலை “பொத்தான், பொத்தான், பொத்தான்” என்று கேட்டது. ஒருவர் முகத்திலும் சிரிப்பு இல்லை. எங்கோ கைதட்டல் பொம்மைகள் பறந்தன. குத்தாலிங்கம் கண்ணை மூடிக்கொண்டு கவனமாகத் தேடினார். பெயரோடு ஒரு பொத்தான் அகப்பட்ட சந்தோஷத்தில் ஓங்கி அமுக்கினார். கூட்டத்திலிருந்து அவர் பெயர் மறைந்தது.

“ஏய், நான் எதுக்கேன்! எனக்கு எதிர்ப்பு இருக்கு!” என்று எழுந்து நின்று கத்தினார்.

பேச்சியம்மாள் அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை. “அண்ணாச்சி, இங்கன கத்துனா கணக்குல வராது. கூட்டத்துல சொல்லுங்க.”

“மைக்கத் தொறக்க முடியலியே டீச்சர்!”

“கூட்டத்துல சொல்லிருக்கணும் அண்ணாச்சி.” குரலை உயர்த்தினாள். “ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல. மௌனம் சம்மதம். ஏகமனதா நெறவேறிட்டு.”

குத்தாலிங்கம் நின்றபடியே நின்றார், பிறகு மெதுவாக உட்கார்ந்து துண்டை எடுத்தார். முகம் செத்துப்போயிருந்தது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், மனிதர் சப்பைக்கட்டுக் கட்டவில்லை. அந்த இடத்திலேயே சொற்கோப்பைத் திறந்தார். திறந்த மூலத்தில் அது ஒரு பாக்கியம். தப்பும் நம்முடையது, திருத்துகிற கையும் நம்முடையது. ஆனால் பழக்கம் விடுமா? ‘ஒலிவாங்கி முடக்கநீக்கம்’ என்று தட்டி வாசிக்க விட்டார்.

“என்ன அண்ணாச்சி, பொத்தானா, கல்யாணப் பத்திரிகையா?” என்றாள் பேச்சியம்மாள்.

“பின்ன என்னதான் வைக்கச் சொல்லுதிய?”

“நான் அத எதுக்கு அமுக்குதேன்? பேசுததுக்கு. ‘பேசு’ன்னு வைங்க.”

மாதக்கணக்கில் மடல் எழுதியவர்கள் எல்லாரும் அங்கேதான் இருந்தார்கள். ஒருவரும் மறுக்கவில்லை. குத்தாலிங்கம் அடித்தார். பேச்சியம்மாள் என் கையைத் தட்டிவிட்டு, தானே உள்ளே போய், தானே தேடினாள். “பேசு” என்றது மென்பொருள். அமுக்கினாள். கூடத்தில் இருந்த அத்தனை காதிலும் அவள் குரல் ஒரே நேரத்தில் வந்தது.

“கேக்குதா? புதுப் பதிப்ப முழுசாக் கேட்டாச்சு, போகட்டும். அன்னைக்குச் சொல்ல வந்தத இப்பம் சொல்லுதேன். தளம் நல்லாருக்கு, சத்தம் தெளிவா வருது, நடுவுல அறுந்து போகல. இதையே வச்சிக்கிடுவோம், எனக்குச் சம்மதம்.”

குத்தாலிங்கம் வாயைப் பிளந்தார். “இதத்தான டீச்சர் நானும் அன்னைக்குச் சொன்னேன், உங்களுக்குச் சம்மதம்னு!”

“நீங்கதான சொன்னிய அண்ணாச்சி. நான் சொல்லலியே.”